அவுகுஸ்டே டேட்டரின் இரத்தநாளங்கள்: முதல் அல்சைமர் நிகழ்வை இன்று மறுபடி படித்தால்

அல்சைமர் நோயைப் பற்றிப் பேசும் யாரும் அவுகுஸ்டே டேட்டரை விட்டுவிட்டுப் பேச முடியாது. மூளையில் பிளேக் (நரம்பணுக்களுக்கு வெளியே படியும் புரதத் திட்டு), நரம்பணுக்களுக்குள் முடிச்சு (முறுக்கிக்கொண்ட புரத இழைகள்), ஒரு புதிய நோய், கதை முடிந்தது என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். ஆனால் அலோய்ஸ் அல்சைமர் 1907இல் வெளியிட்ட அந்தச் சின்ன அறிக்கையை நிதானமாகப் படித்தால் இரத்தநாளங்களைப் பற்றி மூன்று இடங்களில் எழுதியிருப்பது கண்ணில் படும். அந்த மூன்று இடங்களைப் பிடித்துக்கொண்டுதான் இந்த நிகழ்வை மறுபடி படிக்கப் போகிறேன். முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: அல்சைமர் நோய் எது என்று காட்ட இதைவிட நல்ல நிகழ்வு கிடையாது, ஆனால் எண்பது வயதில் வரும் மறதியைப் புரிந்துகொள்ள இதை அச்சாக வைத்துக்கொண்டால் பாதி விஷயம் தவறிப்போகும்.

நோயாளி

1850இல் பிறந்தவர், ரயில்வே எழுத்தர் ஒருவரின் மனைவி. 1901 நவம்பர் 25 அன்று ஃபிராங்க்ஃபர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது வயது 51. வீட்டார் கவனித்த முதல் மாற்றம் மறதியே அல்ல, கணவன் மேல் சந்தேகம். அதன் பிறகுதான் ஞாபகம் வேகமாகக் குறைய ஆரம்பித்தது. சொந்த வீட்டுக்குள்ளேயே வழி தெரியாமல் போனது, பொருட்களை இங்கிருந்து அங்கே தூக்கிக்கொண்டு போய் ஒளித்து வைப்பார், யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று சத்தம் போடுவார்.

சேர்க்கப்பட்ட மறுநாள் அல்சைமர் அவரோடு பேசியதை வரிக்கு வரி எழுதி வைத்திருக்கிறார். உங்கள் பெயர்? அவுகுஸ்டே. குடும்பப் பெயர்? அவுகுஸ்டே. கணவர் பெயர்? கொஞ்சம் யோசித்துவிட்டு, அவுகுஸ்டே என்று நினைக்கிறேன். மதியம் பன்றி இறைச்சியும் காலிஃபிளவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் கீரை என்கிறார். பென்சில், பேனா, சாவி, சுருட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினால் சரியாகப் பெயர் சொல்கிறார், கொஞ்ச நேரம் கழித்து என்ன காட்டினேன் என்று கேட்டால் ஒன்றும் நினைவில்லை. எழுதச் சொன்னால் ‘திருமதி’ என்று எழுதிவிட்டு மீதியை மறந்துவிடுகிறார், அடுத்த சொல்லை ஒவ்வொரு தடவையும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘நான் என்னையே தொலைத்துவிட்டேன்’ என்று அவர் சொன்ன வாக்கியத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். மருத்துவ ரீதியாக அதைவிட முக்கியமானது அந்தச் சாவியும் சுருட்டும்தான், ஏன் என்று கீழே வருகிறேன்.

உடல் பரிசோதனையில் நடையில் கோளாறில்லை, கை கால் அசைவு சரி, முழங்கால் அனிச்சை இருக்கிறது, கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறது. அப்புறம் ஒரு வரி: மணிக்கட்டுத் தமனி கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, இதயம் பெரிதாகவில்லை, சிறுநீரில் புரதம் இல்லை. இதுதான் முதல் இடம். அந்தக் காலத்தில் இரத்தநாளத்தின் நிலையைப் படுக்கையருகே கணிக்க அவ்வளவுதான் வழி, விரலால் தமனியைத் தொட்டுப் பார்த்து, நெஞ்சைத் தட்டிப் பார்த்து, சிறுநீரைச் சோதிப்பது. இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால் உயர் இரத்த அழுத்தம் உறுப்புகளைக் கெடுத்த அறிகுறி பெரிதாக எதுவுமில்லை.

நோய் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் எதையும் உணராமல், கால்களை மடக்கிக்கொண்டு படுக்கையிலேயே கிடந்தார், எவ்வளவு பராமரித்தும் படுக்கைப்புண் வந்தது. 1906 ஏப்ரல் 8 அன்று இறந்தார். அல்சைமர் அதற்குள் ஃபிராங்க்ஃபர்ட்டை விட்டு மியூனிக்குக்குப் போயிருந்தார், மூளையை அங்கே வரவழைத்துக்கொண்டார்.

மூளையில் என்ன இருந்தது

மூளை முழுவதும் ஒரே சீராகச் சுருங்கியிருந்தது, வெறும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எந்த இடத்திலும் தனியாகச் செத்துப்போன திசு இல்லை. பெரிய இரத்தநாளங்களில் தமனித் தடிப்பு இருந்தது. இது இரண்டாவது இடம். வெள்ளிச் சாயம் ஏற்றிப் பார்த்தபோது மூளையின் மேலடுக்கான புறணியின் நரம்பணுக்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இழை முடிச்சுகளாக மாறியிருந்தன, புறணி எங்கும் சின்னச் சின்னத் திட்டுகளாக ஏதோ ஒரு விசித்திரப் பொருள் படிந்திருந்தது. மூன்றாவது இடம் நுண்நாளங்கள்: அவற்றைச் சுற்றி அழற்சி அணுக்கள் எதுவும் இல்லை, ஆனால் உட்சுவர் அணுக்கள் பெருகியிருக்கின்றன, சில இடங்களில் புதிய நாளங்களே முளைத்திருக்கின்றன என்கிறார்.

இதையெல்லாம் எழுதியவர் இரத்தநாளம் பற்றி ஒன்றும் தெரியாதவர் இல்லை. 1890களில் தமனித் தடிப்பால் மூளை சுருங்குவதைப் பற்றி ஆராய்ந்து எழுதியவரே அல்சைமர்தான். அந்த மூளைகள் எப்படி இருக்கும் என்று அவருக்கு அத்துப்படி, அதனால்தான் இது வேறு என்று அவரால் துணிந்து சொல்ல முடிந்தது. 1906 நவம்பர் 3 அன்று ட்யூபிங்கனில் நடந்த கூட்டத்தில் இதைப் படித்தார், 1910இல் மனநல மருத்துவர் கிரேப்பெலின் தன் பாடநூலில் நோய்க்கு அவர் பெயரையே வைத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. இந்த நோய் நடுவயதுக்காரர்களுக்கு வரும் அபூர்வ வியாதி என்று ஓரம் கட்டப்பட்டது, முதியவர்களின் மறதிக்கு மூளை இரத்தநாளம் தடித்துப்போனதுதான் காரணம் என்ற எண்ணம் பல பத்தாண்டுகள் கேள்வி கேட்பாரின்றி இருந்தது. 1968இல் நியூகாசிலில் பிளெஸ்டு, டாம்லின்சன், ராத் மூவரும் இறந்த முதியவர்களின் மூளையில் பிளேக்குகளை எண்ணி, அந்த எண்ணிக்கை கூடக்கூட உயிரோடு இருந்தபோது மறதிநோயின் தீவிரமும் கூடியிருந்தது என்று காட்டினார்கள். 1976இல் காட்ஸ்மன், முதுமை மறதியும் அல்சைமரும் ஒரே நோய்தான் என்று எழுதினார். அதோடு தராசு ஒரேயடியாக மறுபக்கம் சாய்ந்துவிட்டது, இரத்தநாளம் பின்னுக்குப் போய் எல்லாமே அமிலாய்டு (பிளேக்காகப் படியும் புரதம்) ஆனது. இரண்டு காலத்திலும் ஒரே தவறு, இதுவா அதுவா என்று கேட்டது.

கோப்பு மறுபடி கிடைத்தது

1995 டிசம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் மௌரர் குழுவினர் அவுகுஸ்டேயின் மருத்துவக் கோப்பைக் கண்டெடுத்தார்கள். அதே காலகட்டத்தில், அவருக்கு இருந்தது உண்மையில் மூளைத் தமனித் தடிப்புதானோ என்ற சந்தேகம் அச்சில் வந்தது. பெரிய நாளங்களைப் பற்றிய அந்த ஒரு வரி இருக்கும்போது அப்படிக் கேட்பது நியாயம்தான்.

மியூனிக்கில் கிரேபர் குழுவினர் பழைய கண்ணாடித் தகடுகளையே தேடிப் பிடித்து 1998இல் பதில் சொன்னார்கள். பிளேக்கும் முடிச்சும் ஏராளம், நுண்ணோக்கியில் இரத்தநாளச் சேதம் எதுவும் இல்லை. தகட்டிலிருந்த திசுவை வைத்து மரபணுவும் பார்த்தார்கள், அபோ-ஈ மரபணு 3/3 வகை, அதாவது அபாயத்தைக் கூட்டும் 4ஆம் வகை அவரிடம் இல்லை. 2013இல், பரம்பரை அல்சைமரோடு தொடர்புடைய பிரெசெனிலின்-1 மரபணுவில் பிறழ்வு இருப்பதாக ஓர் ஆய்வு சொன்னது, 2014இல் இன்னொரு ஆய்வகம் தேடியபோது அது கிடைக்கவில்லை. அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆக, பெரிய நாளங்களில் தடிப்பு இருந்தாலும் அது மூளைத் திசுவைக் கெடுத்ததற்கு அடையாளம் இல்லை. தடித்த நாளம் வேறு, நாளத்தால் செத்த திசு வேறு, நினைவைப் பாதிப்பது இரண்டாவதுதான். இன்றும் கழுத்து ஸ்கேனில் தமனியில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று வந்தவுடனேயே மறதிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த நிகழ்வைத்தான் காட்ட வேண்டும்.

ஒரு விஷயம் என்னை உறுத்துகிறது. கிடைத்த தகடுகளில் ஹிப்போகேம்பஸும் அதை ஒட்டிய பகுதியும் இல்லவே இல்லை. புது நினைவைப் பதியவைக்கும் இடம் அதுதான், முடிச்சுகள் பொதுவாக முதலில் தோன்றுவதும் அங்கேதான். நினைவிழப்பின் முதல் நிகழ்வில் நினைவின் உறுப்பே நம் கையில் இல்லை. அதனால் சாவியையும் சுருட்டையும் அவர் மறந்தது எந்தச் சேதத்தால் என்பதை அவருடைய பேச்சிலிருந்து ஊகிக்கத்தான் முடியும்.

சரி, ஊகித்துப் பார்ப்போம். மறதியில் பொதுவாக இரண்டு விதம் உண்டு. ஒன்றில் விஷயம் பதியவே இல்லை, எத்தனை துப்புக் கொடுத்தாலும் வராது, பட்டியலைக் காட்டி இதில் எது என்று கேட்டாலும் தடுமாறுவார்கள். இன்னொன்றில் பதிந்திருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை, ‘அது ஒரு பழம்’ என்று ஒரு துப்புக் கொடுத்தால் டக்கென்று வந்துவிடும். முதலாவது ஹிப்போகேம்பஸ் கெட்டுப்போன மாதிரி, அல்சைமரின் அடையாளம். இரண்டாவது முன்மூளையையும் ஆழத்தில் இருக்கும் அணுத்திரள்களையும் இணைக்கும் நரம்புப் பாதைகள் அறுபட்ட மாதிரி, மூளையின் சிறு இரத்தநாளங்கள் கெடும் சின்ன நாள நோயில் அதிகம் காண்பது, அதோடு யோசிப்பதில் மந்தமும் திட்டமிடுவதில் குழப்பமும் சேர்ந்து வரும். பெயர் சரியாகச் சொல்கிறார், அப்புறம் பார்த்ததே நினைவில்லை என்றால் அது முதல் வகைக்குத்தான் நெருக்கம். இந்தப் பிரிவினையை வேதவாக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. மூளையின் ஆழத்தில் இருக்கும் தாலமஸின் முன்பகுதியில் ஒரு சின்ன அடைப்பு வந்தாலே போதும், ஹிப்போகேம்பஸ் போய்விட்ட மாதிரியே ஆள் எல்லாவற்றையும் மறப்பார்.

எண்பது வயதில் இதே மூளை இருந்தால்

இங்கேதான் அவுகுஸ்டே அச்சாக உதவமாட்டார். அவருக்கு 51 வயது, வீரியமான நோய், நாளச் சேதம் இல்லை, ஒரே காரணம் எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டது. முதுமையில் அப்படித் தனியாக ஒரு காரணம் வருவது குறைவு.

இதைக் காட்ட எனக்குத் தெரிந்ததிலேயே கூர்மையான சான்று ஸ்னோடனின் கன்னியாஸ்திரீகள் ஆய்வு. நாட்டர் டாம் சபையைச் சேர்ந்த 678 கன்னியாஸ்திரீகள், ஒரே மாதிரி உணவு, ஒரே மாதிரி வாழ்க்கை, இறந்த பின் மூளையைத் தர ஒப்புக்கொண்டவர்கள். 1997இல் அவர்களில் 102 பேரின் மூளைகளைப் பற்றி எழுதினார்கள். 61 பேருக்கு அல்சைமர் என்று சொல்லும் அளவுக்குப் பிளேக்கும் முடிச்சும் இருந்தன. அந்த 61 பேருக்குள், மூளையின் ஆழத்தில் ஒன்றோ இரண்டோ சிறு அடைப்பு இருந்தவர்களுக்கு, அடைப்பே இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் மறதிநோய் இருந்த வாய்ப்பு விகிதம் சுமார் 20 மடங்கு. அல்சைமர் அளவை எட்டாத மற்ற 41 பேரில் அதே மாதிரி அடைப்புகள் பெரிதாக எதுவும் செய்திருக்கவில்லை. அடைப்பு மட்டும் என்றால் மூளை சமாளித்துவிடுகிறது, பிளேக்கும் முடிச்சும் மட்டும் என்றால் பலர் தாக்குப்பிடிக்கிறார்கள், இரண்டும் சேர்ந்தால் ஆள் விழுந்துவிடுகிறார். அதே ஆய்வில் சிஸ்டர் மேரி என்பவர் 101 வயதில் இறக்கும் முன்பு வரை நினைவுச் சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தார், மூளையைத் திறந்தால் பிளேக்கும் முடிச்சும் நிறைய. அமிலாய்டு ஸ்கேன் காலத்துக்கு முன்பே சொல்லப்பட்ட பாடம் இது, இன்றைய உயிர்க்குறியீட்டு முடிவுகளைப் படிக்கும்போது அடிக்கடி மறந்துபோகிறது.

2007இல் ஷ்னைடர் குழுவினர் சிகாகோவில் சாதாரண முதியவர்களின் மூளைகளைப் பார்த்ததிலும் இதே கதைதான், மறதிநோய் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சேதம்.

இன்று உயிரோடு இருப்பவரிடமே இதையெல்லாம் ஓரளவு அளக்க முடிகிறது. அமிலாய்டை பெட் ஸ்கேனில் பார்க்கலாம், தண்டுவட நீரில் அமிலாய்டின் இரண்டு வகைகளின் விகிதத்தை (42/40) பார்க்கலாம், இரத்தத்தில் பி-டாவ்217 என்ற டாவ் புரத வகையை (முடிச்சுகளில் இருப்பது டாவ்தான்) அளக்கலாம். 2025 மே மாதத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., அறிகுறி உள்ளவர்களுக்காக அப்படியொரு இரத்தப் பரிசோதனைக்கு முதல்முறையாக அனுமதி கொடுத்தது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், நினைவு முற்றிலும் சரியாக இருப்பவர்களிலேயே அமிலாய்டு படிந்திருப்போர் 50 வயதில் சுமார் 10 சதவீதம், 90 வயதில் சுமார் 44 சதவீதம் என்று 2015இல் யான்சன் குழுவினர் பல ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். 51 வயதில் மறதியோடு வருபவருக்குச் சோதனை பாசிட்டிவ் என்றால் காரணம் கிட்டத்தட்ட கையில் கிடைத்துவிட்டது. 85 வயதில் அதே பாசிட்டிவ் அவ்வளவு பேசாது. போதாததற்குச் சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் பி-டாவ் அளவு தானாகவே ஏறும், முதியவர்களில் அது சாதாரணம்.

நாளப் பக்கத்தில் நம்மிடம் இருப்பது எம்.ஆர்.ஐ. வெண்பொருளில் தெரியும் வெள்ளைத் திட்டுகள் (1987இல் ஃபாசெகாஸ் வகுத்த 0 முதல் 3 வரையான படிநிலையை வைத்துத்தான் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம்), ஆழத்தில் ஆறிப்போன சிறு அடைப்புகளின் குழிகள், நுண்கசிவுகள் (சிறு இரத்தக் கசிவின் தடங்கள்). நுண்கசிவு எங்கே என்பது முக்கியம்: ஆழத்தில் இருந்தால் இரத்த அழுத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும், மேற்புறணியில் இருந்தால் நாளச் சுவரிலேயே அமிலாய்டு படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறிக்கையில் ‘வயதுக்கேற்ற மாற்றம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது எரிச்சல் மூட்டும் வாக்கியம். எங்கே, எவ்வளவு, எந்த வகை என்று எழுதாவிட்டால் அந்த ஸ்கேனை எடுத்து என்ன பயன்?

கூட்டலா பெருக்கலா

இரண்டு சேதமும் ஒன்றையொன்று தூண்டுகின்றனவா, இல்லை தனித்தனியாக வந்து கடைசியில் கணக்கில் மட்டும் சேர்கின்றனவா? மேயோ கிளினிக்கின் வேமுரி குழு 2015இல் தனித்தனி என்றது, நாள நோயும் அமிலாய்டும் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு அறிவாற்றலைக் குறைக்கின்றன. ஹார்வர்டின் ராபின் குழு 2018இல் இல்லை, இரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும்போது சரிவு கூட்டுத்தொகையைவிட வேகம் என்றது. அளக்கும் முறை வேறு, அதனால் விடையும் வேறாகலாம். ஹார்வர்டு அளந்தது இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைபிடித்தல் மாதிரியான ஆபத்துக் காரணிகளின் மதிப்பெண்ணை, மூளைக்குள் இருக்கும் சேதத்தை அல்ல. கன்னியாஸ்திரீகளின் முடிவைப் பார்த்தால் எனக்குப் பெருக்கல் பக்கம்தான் சாயத் தோன்றுகிறது, ஆனால் அது 61 மூளைகள்.

காலக் கணக்கு இன்னொரு சிக்கல். 2017இல் காட்டஸ்மன் குழு 346 பேரை நடுவயதிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்துவிட்டு அமிலாய்டு ஸ்கேன் எடுத்தது. நடுவயதில் நாள ஆபத்துக் காரணி ஒன்றும் இல்லாதவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு அமிலாய்டு அதிகம், இரண்டோ அதற்கு மேலோ இருந்தவர்களில் சுமார் 61 சதவீதம். முதுமையில் அளந்த அதே காரணிகளுக்கு அப்படிப்பட்ட தொடர்பு தெரியவில்லை. ஆக 80 வயதில் வந்து உட்கார்ந்திருப்பவரின் இன்றைய இரத்த அழுத்தத்தைப் பார்த்து அவர் மூளை எப்படி வந்தது என்று சொல்லிவிட முடியாது, 50 வயதில் எவ்வளவு இருந்தது என்று கேட்க வேண்டும்.

இத்தனைக்கும் வெள்ளைத் திட்டு என்றாலே நாள நோய் என்று எடுத்துக்கொள்வதும் சரிப்படாது. பரம்பரையாக வரும் அல்சைமர் குடும்பங்களில், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பெரிதாக இல்லாத இளவயதுக்காரர்களுக்கே, அறிகுறி எதிர்பார்க்கப்படும் வயதுக்கு ஏறக்குறைய 6 ஆண்டுகளுக்கு முன்பே வெள்ளைத் திட்டுகள் கூடத் தொடங்குகின்றன என்று 2016இல் காட்டினார்கள், அதுவும் குறிப்பாக மூளையின் பின்பக்கத்தில். நாளச் சுவரில் படியும் அமிலாய்டு காரணமா, நரம்பிழைகள் கருகுவது காரணமா என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. அவுகுஸ்டேக்கு அன்று எம்.ஆர்.ஐ. எடுத்திருந்தால், நுண்ணோக்கியில் நாளச் சேதம் இல்லாத அந்த மூளையிலும் பின்பக்கம் திட்டுகள் தெரிந்திருக்க வாய்ப்புண்டு, யாராவது அதை ‘கலப்பு மறதிநோய்’ (அல்சைமரும் நாள நோயும் சேர்ந்தது) என்று எழுதியும் இருப்பார்கள்.

சிகிச்சையில் இது எங்கே வந்து நிற்கிறது

அமிலாய்டை நீக்கும் லெகனெமாப் மருந்தின் பெரிய சோதனையில் 1795 பேர், ஆரம்ப நிலை நோயாளிகள், 18 மாதம். மருந்து பெறாதவர்களோடு ஒப்பிட்டால் சரிவு ஏறத்தாழ 27 சதவீதம் குறைந்தது, நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி கொண்ட அளவுகோலில் வித்தியாசம் 0.45. மருந்து பெற்றவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு ஸ்கேனில் மூளை வீக்கம் தெரிந்தது, பெரும்பாலும் வெளி அறிகுறி இல்லாமல். அவுகுஸ்டே மருத்துவமனைக்கு வந்த நிலையில் இந்த மருந்துக்கே தகுதி பெற்றிருக்கமாட்டார், நோய் அவ்வளவு முற்றியிருந்தது.

நாளப் பக்கத்தில் ஸ்பிரிண்ட் மைண்ட் சோதனை இருக்கிறது, 9361 பேர், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். மேல் இரத்த அழுத்தத்தை 140க்குக் கீழே வைப்பதா, 120க்குக் கீழே வைப்பதா என்பதுதான் கேள்வி. 2019இல் வந்த முடிவில், 120 குழுவில் லேசான அறிவாற்றல் குறைபாடு சுமார் 19 சதவீதம் குறைவு, முழு மறதிநோயிலும் குறைவு தெரிந்தது, ஆனால் புள்ளியியல் ரீதியாக உறுதியாகவில்லை. எம்.ஆர்.ஐ. எடுத்தவர்களில் வெள்ளைத் திட்டு வளர்ந்தது 0.92 கன செ.மீ., மற்ற குழுவில் 1.45. அமிலாய்டு மருந்தைப் போல ஆரவாரம் இல்லை, ஆனால் மாத்திரை மலிவு, மூளை வீக்கத்துக்குப் பயந்து திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுக்க வேண்டியதும் இல்லை.

இந்த இரண்டு பாதையும் மருந்துச் சீட்டிலேயே சந்தித்துக்கொள்கின்றன. லெகனெமாப் சோதனையில் நான்குக்கு மேல் நுண்கசிவு இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை, நாளச் சுவரில் அமிலாய்டு நிறைந்திருந்தால் அதை உருவும்போது சுவர் கசியும் என்ற பயம்தான் காரணம். அபோ-ஈ 4 இரண்டு பிரதி உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் அதிகம், அதனால் மருந்து தொடங்கும் முன் மரபணுவையும் பார்க்கச் சொல்கிறார்கள். அமிலாய்டு பாசிட்டிவ், பி-டாவ் பாசிட்டிவ், பதியாத வகை மறதி என்று எல்லாம் பொருந்தி வந்த ஒருவருக்கு மருந்து உண்டா இல்லையா என்று கடைசியில் முடிவு செய்வது எம்.ஆர்.ஐ.யில் நுண்கசிவுகளாகத் தெரியும் அந்தக் கறுப்புப் புள்ளிகளை யாராவது உட்கார்ந்து எண்ணினார்களா என்பதுதான்.